நாணில் மூன்றில் ஒரு பங்கில் சமன் செய்தும் விமானம் நிலையாகப் பறக்கவில்லை: ஈர்ப்பு மையத்தில் எங்கே தவறினேன்?

கண்மாய்க்கரை:

அனைவருக்கும் வணக்கம். நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது ஃபோம் போர்டில் உயர் இறக்கை கொண்ட ஒரு ரேடியோ விமானத்தைச் செய்தேன். இதற்கு முன் இரண்டு விமானங்களைப் பிறருடைய வரைபடங்களைப் பார்த்துச் செய்திருக்கிறேன். நானே வரைந்து செய்தது இதுவே முதல் முறை. இறக்கையின் முழு நீளம் 1200 மில்லிமீட்டர். முன்விளிம்பு நேராக இருக்கிறது; பின்விளிம்பு நுனியை நோக்கிச் சரிந்து, நாண், அதாவது முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை உள்ள அகலம், உடலருகே 240, நுனியில் 160 மில்லிமீட்டர் என்று குறைகிறது. 3 செல் 2200 எம்.ஏ.எச். லிப்போ பேட்டரியுடன் மொத்த எடை 1100 கிராம். மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டருக்கும் இடவலமாகத் திருப்பும் ரடருக்குமான 9 கிராம் சர்வோக்கள் (அவற்றை அசைக்கும் சிறு மோட்டார்கள்) இரண்டையும் வாலுக்கு அருகிலேயே பொருத்தியிருக்கிறேன். சர்வோவிலிருந்து வாலுக்குச் செல்லும் நீளமான கம்பிகள் வளைந்துவிடுமோ என்ற அச்சத்தால் அப்படிச் செய்தேன்.

ஈர்ப்பு மையம் நாணின் மூன்றில் ஒரு பங்கில் இருக்க வேண்டும் என்று படித்திருந்ததால், உடலருகே முன்விளிம்பிலிருந்து 79 மில்லிமீட்டரில் கோடிட்டு, அந்த இடத்தில் விமானம் இரு விரல்களின் மேல் சமமாக நிற்கும்வரை பேட்டரியை நகர்த்தினேன். ஊர்க் கண்மாய் வறண்டு கிடப்பதால் அங்கேயே காற்றில்லாத அதிகாலையில் நண்பன் கையால் எறிந்து பறக்கவிட்டோம். முதல் முறை மூக்கை மேலே தூக்கி, வேகம் இழந்து, இடது இறக்கை சாய்ந்து விழுந்தது. இரண்டாம் முறை எலிவேட்டரைக் கீழ்நோக்கி ட்ரிம் செய்திருந்தேன் (ரிமோட்டின் குச்சியைத் தொடாதபோதும் அது சற்றுக் கீழே சாய்ந்திருக்கும்படி). அப்போதும் ஒரு நொடிகூட நேராகப் பறக்கவில்லை. குச்சியை மயிரிழை அளவு தொட்டாலே மூக்கு பாய்ந்தது. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலை முழுவதுமாகக் குறைத்த பின்னரும் அது தானாக மூக்கைத் தாழ்த்திச் சறுக்கு நிலைக்கு வரவில்லை; மூக்கை எந்தக் கோணத்தில் விட்டேனோ அந்தக் கோணத்திலேயே போய்க்கொண்டிருந்தது. புரொப்பெல்லர் உடைந்ததைத் தவிரப் பெரிய சேதம் இல்லை. மூன்றாம் முறை எறிவதற்கு முன், தவறு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். மூக்கில் கொஞ்சம் ஈயம் வைத்தால் போதுமா?

பழைய பால்சா:

தம்பி, மூன்றாம் முறை எறியாமல் நிறுத்திக் கேட்டதே நல்ல காரியம். ஈயத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்த 79 மில்லிமீட்டரைப் பார்ப்போம், ஏனென்றால் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நாணின் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்று சொல்லப்படும் கணக்குகள் எல்லாம் சராசரி காற்றியக்க நாணைக் குறிப்பவை. உடலருகே உள்ள நாணை அல்ல. நுனிவரை ஒரே அகலமுள்ள இறக்கையில் இரண்டும் ஒன்றே என்பதால், அத்தகைய விமானங்களோடு பழகியவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். குறுகிச் செல்லும் இறக்கையை முதன்முதலாக வரைபவர்கள் அதில் மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் இறக்கைக்கு அந்த நாணைத் தாளில் வரைந்தே கண்டுபிடிக்கலாம். அரை இறக்கையை அளவுக்கேற்ப வரையுங்கள். உடலருகே உள்ள நாண் கோட்டை முன்பக்கமாக நுனியின் அகலமான 160 அளவுக்கு நீட்டுங்கள். நுனியில் உள்ள நாண் கோட்டைப் பின்பக்கமாக உடலருகே உள்ள அகலமான 240 அளவுக்கு நீட்டுங்கள். நீட்டிய இரு முனைகளையும் ஒரு கோட்டால் இணையுங்கள். உடலருகேயும் நுனியிலும் நாணின் நடுப்புள்ளிகளை இணைத்து இன்னொரு கோடு வரையுங்கள். இரண்டும் வெட்டும் இடத்தில் இறக்கையின் அகலம் எவ்வளவோ அதுவே சராசரி காற்றியக்க நாண். உங்கள் இறக்கையில் அது நடுக்கோட்டிலிருந்து 280 மில்லிமீட்டர் தள்ளி வரும். அகலம் ஏறத்தாழ 203 மில்லிமீட்டர் இருக்கும்.

முன்விளிம்பு நேராக இருப்பதால் அளவை மாற்றிக் கணக்கிட வேண்டியதில்லை: 79-ஐ 203-ஆல் வகுத்தால் 39 சதவீதம். அதாவது 33 சதவீதத்தில் வைத்ததாக நீங்கள் நம்பிய ஈர்ப்பு மையம் உண்மையில் 39 சதவீதத்தில் இருந்திருக்கிறது. புதிய பயிற்சி விமானத்தை நான் 25-க்கும் 30-க்கும் இடையில்தான் தொடங்குவேன். உங்களுடையதற்கு 28 சதவீதம், அதாவது முன்விளிம்பிலிருந்து 57 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, அளக்கும் முறை. விரல்கள் அளவுகோல் அல்ல. விரல்நுனியின் அகலமே 10 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும், உங்கள் நாணில் அது 5 சதவீதப் பிழை. ஒரு பலகையில் இரண்டு குச்சிகளைச் செங்குத்தாக நட்டு, அவற்றின் தலையில் பென்சில் ரப்பரை ஒட்டி, இறக்கையின் அடியில் 57-இல் ஒட்டிய மெல்லிய டேப் விளிம்பு அவற்றின்மேல் படும்படி விமானத்தை வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். உயர் இறக்கை விமானத்தை நிமிர்ந்த நிலையில் சமன் பார்க்க வேண்டும்; தாழ் இறக்கை விமானத்தைக் கவிழ்த்து வைத்துப் பார்க்க வேண்டும். தாங்கும் புள்ளி எடையின் மையத்திற்கு மேலே இருந்தால் விமானம் ஊஞ்சல்போலத் தொங்கி அமைதியாக நிற்கும். கீழே இருந்தால் சிறிது சாய்ந்ததும் ஒரேயடியாகக் கவிழும், எது சமநிலை என்றே தெரியாது. பேட்டரி, புரொப்பெல்லர், ரிசீவர், இறக்கையைக் கட்டும் ரப்பர் வளையங்கள் உட்பட எல்லாம் பறக்கும்போது இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும். நாங்கள் எரிபொருள் எஞ்சின் வைத்துப் பறக்கவிட்ட காலத்தில் தொட்டியைக் காலியாக வைத்துத்தான் சமன் பார்ப்போம், ஏனென்றால் தொட்டி முன்னால் இருக்கும், எரிபொருள் தீரத்தீர மையம் பின்னுக்குப் போகும். மின் விமானத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பேட்டரி நழுவினால் அதைவிடப் பெரிய தொல்லை.

வாலின் அளவுகளைச் சொல்லவில்லையே? நீளம், அகலம், இறக்கையின் முன்விளிம்பிலிருந்து வாலின் முன்விளிம்பு வரை உள்ள தூரம், இந்த மூன்றையும் எழுதுங்கள்.

கண்மாய்க்கரை:

மிக்க நன்றி ஐயா. தாளில் வரைந்து பார்த்தேன். 203 மில்லிமீட்டர்தான் வருகிறது. வாலின் கிடைத் தகட்டின் நீளம் 340, அகலம் 90 மில்லிமீட்டர். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் முன்விளிம்பு 569 மில்லிமீட்டர் பின்னால் இருக்கிறது. பின்பக்க எடையைக் குறைப்பதற்காக வாலை முதலில் வரைந்ததைவிடச் சிறிதாக வெட்டினேன்.

மேற்குக்காற்று:

நான் கிளைடர்களைப் பறக்கவிடுபவன். சறுக்கி வரும் விமானத்தில் ஈர்ப்பு மையத்தின் 2 மில்லிமீட்டர் மாற்றம்கூடக் கைக்குத் தெரியும் என்பதால் இந்தப் பொருள் எனக்கு மிக நெருக்கமானது. வாலைச் சிறிதாக்கியதைச் சொன்னது நல்லதாயிற்று. இந்த விமானத்தின் நிலையின்மைக்கு 79 மில்லிமீட்டர் பாதிக் காரணம் என்றால், அந்த வால் மறுபாதி.

விமானத்திற்கு இரண்டு புள்ளிகள் முக்கியம். ஒன்று எடையின் மையமான ஈர்ப்பு மையம். மற்றொன்று நடுநிலைப் புள்ளி: காற்று மோதும் கோணம் சற்றுக் கூடினால் இறக்கையும் வாலும் சேர்ந்து கூடுதலாகத் தரும் தூக்குவிசை எந்தப் புள்ளியில் செயல்படுகிறதோ அது. ஈர்ப்பு மையம் அந்தப் புள்ளிக்கு முன்னால் இருந்தால், மூக்கு தற்செயலாக உயரும்போது கூடுதல் தூக்குவிசை பின்னாலிருந்து உந்தி மூக்கைக் கீழே இறக்கும். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் மூக்கை எப்படி விட்டாலும் அப்படியே போகும். நீங்கள் கண்மாயில் கண்டது இதுதான். உங்கள் விவரிப்பைப் படித்தவுடனே எனக்கு அது தோன்றியது. ஈர்ப்பு மையம் பின்னால் போய்விட்டால் ஒவ்வொரு சிறு அசைவும் பெருகும். மனிதக் கை அதை நெடுநேரம் சமாளிக்காது.

நடுநிலைப் புள்ளியை ஓரளவு கணக்கிட முடியும். வாலின் பரப்பை இறக்கையின் பரப்பால் வகுத்து, இரண்டின் கால்நாண் புள்ளிகளுக்கு (முன்விளிம்பிலிருந்து நாணின் கால் பங்கில் உள்ள இடங்களுக்கு) இடையிலான தூரத்தைச் சராசரி நாணால் வகுத்து, இரண்டையும் பெருக்கினால் வாலின் ஆற்றலைக் காட்டும் எண் கிடைக்கும். உங்கள் இறக்கை 24 சதுர டெசிமீட்டர், வால் 3.06, தூரம் 540 மில்லிமீட்டர். விடை 0.34. அமைதியான பயிற்சி விமானத்திற்கு நான் 0.5 அளவையே விரும்புவேன். வால் முழு ஆற்றலோடு வேலை செய்வதில்லை. இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புவதாலும், வால் குட்டையாக இருப்பதாலும், உங்கள் அளவுகளுக்கு அதன் பயன் பாதிக்கும் கீழே, 0.44 பங்கு அளவுக்குக் குறைகிறது. 0.34-ஐ 0.44-ஆல் பெருக்கி, இறக்கையின் சொந்தப் பங்கான 0.25-உடன் கூட்டினால் 0.40 வருகிறது. ஆக நடுநிலைப் புள்ளி முன்விளிம்பிலிருந்து சுமார் 81 மில்லிமீட்டரில் இருக்கிறது. நீங்கள் ஈர்ப்பு மையத்தை 79-இல் வைத்திருந்தீர்கள். இடைவெளி நாணில் ஒரே ஒரு சதவீதம். முன்னால் நீண்டிருக்கும் உடலும் சுழலும் புரொப்பெல்லரும் நடுநிலைப் புள்ளியை இன்னும் சற்று முன்னுக்கு இழுக்கும் என்பதால், அந்த ஒரு சதவீதமும் காற்றில் மிஞ்சியிருக்காது. பெரியவர் சொன்ன 57-இல் வைத்தால் இடைவெளி 12 சதவீதம் ஆகும். முதல் பறத்தலுக்கு அது பொருத்தமானது.

இதில் நீங்கள் வருந்த எதுவும் இல்லை. 1871-இல் பாரீசின் துய்லரி பூங்காவில் பிரெஞ்சு விமான முன்னோடி அல்போன்ஸ் பெனோ ரப்பர் முறுக்கால் இயங்கும் தம் மாதிரியை 11 நொடிகளில் சுமார் 40 மீட்டர் பறக்கவிட்டபோது, பின்னால் ஒரு வாலைச் சிறிது கீழ்க்கோணத்தில் வைத்து நிலைத்தன்மையைப் பெற முடியும் என்பதைக் காட்டிவிட்டார். அப்படியிருந்தும் 1903-இல் ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்தில் ஈர்ப்பு மையம் நடுநிலைப் புள்ளிக்குப் பின்னால்தான் இருந்தது. மூக்கு ஏறி இறங்கிக்கொண்டே பறந்தது. மறு ஆண்டு அவர்கள் முன்பக்கத்தில் இரும்பைப் பாரமாக ஏற்றிப் பறந்து பார்த்தார்கள். நீங்கள் கேட்கும் ஈயமும் அதே வழிதான்.

மின்மோட்டார்:

இருவரும் சொன்னவற்றோடு எனக்கு உடன்பாடே. ஆனால் ஓர் எச்சரிக்கையையும் சேர்க்க விரும்புகிறேன். எறிந்தவுடன் மூக்கு மேலே தூக்கியது என்பதை மட்டும் வைத்து வால் கனம், அதாவது ஈர்ப்பு மையம் அளவுக்கு மீறிப் பின்னால் இருக்கிறது என்று யாரும் முடிவு செய்யக் கூடாது. உயர் இறக்கை விமானத்தில் மோட்டார் இறக்கைக்குக் கீழே இருப்பதால், த்ராட்டில் கூடும்போது இழுவிசையே மூக்கைத் தூக்கும். அதற்காகத்தான் மோட்டாரை 2 அல்லது 3 பாகை கீழ்நோக்கிச் சாய்த்துப் பொருத்துகிறோம். மோட்டார் தகட்டின் மேல் திருகுகளுக்குப் பின்னால் ஒவ்வொரு வாஷரைச் செருகினால் அந்தச் சாய்வு கிடைத்துவிடும். வேறொன்றும் உண்டு: மூக்கு அளவுக்கு மீறிக் கனமாக இருந்து, அதை மறைக்க எலிவேட்டரை மேல்நோக்கி ட்ரிம் செய்திருந்தால், அந்த விமானமும் வேகம் கூடக்கூட மூக்கைத் தூக்கும். இதை வால் கனம் என்று தவறாக எண்ணி மேலும் ஈயம் சேர்த்து, தரையிறங்கும்போது மூக்கை நிமிர்த்த எலிவேட்டர் போதாமல் விமானத்தை உடைத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் விமானத்தில் நம்பத்தக்க சான்று, த்ராட்டில் முற்றிலும் குறைந்த நிலையிலும் அது சறுக்கு நிலைக்கு வராததுதான். அங்கே மோட்டாரின் இழுவிசைக்கு இடமில்லை.

இனி எடையை நகர்த்தும் கணக்கு. 1100 கிராம் விமானத்தின் மையத்தை 79-இலிருந்து 57-க்கு, அதாவது 22 மில்லிமீட்டர் முன்னுக்குக் கொண்டுவர 24,200 கிராம்–மில்லிமீட்டர் திருப்பம் (எடையைத் தூரத்தால் பெருக்கிய அளவு) தேவை. இதை முழுவதும் ஈயத்தால் ஈடுகட்ட முயலாதீர்கள். மூக்கு இறக்கைக்கு 200 மில்லிமீட்டர் முன்னால் இருப்பதாக வைத்துக்கொண்டால் 94 கிராம் ஈயம் வேண்டியிருக்கும், அது வெறும் சுமை. முதலில், ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கும் பொருள்களை நகர்த்துங்கள். உங்கள் பேட்டரி ஏறத்தாழ 180 கிராம் இருக்கும். அதை 60 மில்லிமீட்டர் முன்னுக்குத் தள்ள இடமிருந்தால் 10,800 கிடைத்துவிடும். வாலருகே உள்ள இரண்டு சர்வோக்களும் 18 கிராம்தான், ஆனால் அவற்றை 400 மில்லிமீட்டர் முன்னுக்கு, இறக்கைக்கு அடியில் கொண்டுவந்தால் 7,200 கிடைக்கும். மீதம் 6,200. மூக்கு புதிய மையத்திலிருந்து 257 மில்லிமீட்டர் முன்னால் இருப்பதால், இதற்கு 24 கிராம் ஈயம் போதும். கம்பி வளைவதைப் பற்றிக் கவலை வேண்டாம். உடலின் நடுவில் இரண்டு இடங்களில் உறிஞ்சுகுழல் துண்டுகளை ஒட்டி அவற்றினூடே கம்பியைச் செலுத்தினால் நேராக நிற்கும்.

வாலில் தேவையற்ற பசை, டேப் ஏதாவது இருந்தால் அதையும் பாருங்கள். வால் மையத்திலிருந்து 550 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளியிருப்பதால், அங்கே எடுக்கும் 1 கிராம் மூக்கில் 2 கிராமுக்கு மேல் ஈயத்தை மிச்சப்படுத்தும்.

ஈயம் கிடைக்கவில்லை என்றால் டயர் கடையில் சக்கரத்தைச் சமன் செய்ய ஒட்டும் 5 கிராம், 10 கிராம் பட்டைகளைக் கேளுங்கள். ஆனால் அவற்றை ஹாட் குளூவால் மட்டும் ஒட்டாதீர்கள். நம் ஊர் வெயிலில் அது இளகும், பறக்கும்போது எடை கழன்றால் மீண்டும் 79-க்கே போய்விடுவீர்கள். எபாக்சி வைத்து, மேலே டேப்பும் சுற்றுங்கள். பேட்டரியையும் வெல்க்ரோ ஒட்டி, பட்டையால் கட்டுங்கள். அதன் இடத்தை உடலின் உள்ளே பேனாவால் குறித்து வைத்தால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டியதில்லை.

கண்மாய்க்கரை:

நீங்கள் மூவரும் சொன்னபடியே எல்லாவற்றையும் செய்து, இன்று காலை பறக்கவிட்டேன். சர்வோக்களை முன்னுக்குக் கொண்டுவந்தேன். பேட்டரியை 60 மில்லிமீட்டர் தள்ளுவதற்காக உடலின் முன்தகட்டில் ஒரு சாளரம் வெட்டினேன். நீளமான எஃகுக் கம்பிகளுக்கும் எடை இருக்கும் என்பதை எண்ணாததால் 24 கிராம் போதவில்லை. 30 கிராம் வைத்த பிறகுதான் 57-இல் சமமாக நின்றது. குச்சிகளில் வைத்தபோது வலது இறக்கை சிறிது தாழ்ந்ததைக் கவனித்து, இடது நுனியில் 3 கிராம் ஒட்டினேன். மோட்டார் தகட்டில் வாஷர்களும் சேர்த்தேன்.

முதல் எறியிலேயே விமானம் கையை விட்டு நேராகப் போனது. அதைச் சொல்லும்போது இன்னும் எனக்குக் கை நடுங்குகிறது. பாதித் த்ராட்டிலில் கண்மாயை எட்டு முறை சுற்றிவந்தது. குச்சியை விட்டாலும் மட்டமாகவே பறந்தது. த்ராட்டிலைக் குறைத்ததும் மெதுவாக மூக்கைத் தாழ்த்திச் சறுக்கத் தொடங்கியது. ஒரே ஒரு குறை: இறங்கும்போது கடைசி நொடியில் மூக்கை நிமிர்த்த எலிவேட்டரை முழுவதும் இழுக்க வேண்டியிருந்தது. 57 சற்று அதிகமாக முன்னால் இருக்கிறதா? எவ்வளவு பின்னுக்கு நகர்த்தலாம் என்று எப்படி அறிவது?

மேற்குக்காற்று:

மனம் நிறைந்த வாழ்த்துகள். அதை விமானமே சொல்லும். நல்ல உயரத்தில் பாதித் த்ராட்டிலில் மட்டமாக ட்ரிம் செய்து, பிறகு த்ராட்டிலைக் குறைத்து, மூக்கைச் சுமார் 45 பாகை கீழ்நோக்கித் திருப்பி, குச்சியை விட்டுவிடுங்கள். விமானம் தானாகச் சட்டென்று மேலே வளைந்தால் மூக்கு கனம். நீண்ட வளைவில் மெதுவாக நிமிர்ந்தால் சரி. நிமிராமல் மேலும் செங்குத்தாகப் பாய்ந்தால் வால் கனம், உடனே மீட்டு இறக்கிவிடுங்கள். ஃபோம் இறக்கை வேகத்தில் முறுக்கிக்கொண்டு தவறான விடை தரக்கூடும், ஆகவே பாய்ச்சலை மிகச் செங்குத்தாக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் மையத்தை 2 மில்லிமீட்டர் மட்டும் பின்னுக்கு நகர்த்தி, எலிவேட்டரை மறுபடி ட்ரிம் செய்து, அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இந்த வாலோடு 63-ஐத் தாண்ட நான் துணிய மாட்டேன்.

ஆனால் என் உண்மையான ஆலோசனை வேறு. வாலைப் பெரிதாக்குங்கள். நீளம் 400, அகலம் 110 என்று புதிய வாலை வெட்டினால் வாலின் ஆற்றல் எண் 0.49 ஆகும், நடுநிலைப் புள்ளி 46 சதவீதத்திற்கு, அதாவது 93 மில்லிமீட்டருக்கு நகரும். ஃபோம் போர்டில் அந்தக் கூடுதல் பரப்பு 4 கிராம் அளவே இருக்கும். இப்போது மூக்கில் இருக்கும் 30 கிராம் ஈயத்தை முழுவதும் கழற்றி, இந்த வாலையும் பொருத்தினால் ஈர்ப்பு மையம் 66 மில்லிமீட்டருக்கு வரும். இடைவெளி 13 சதவீதம், இன்றைக்கு இருப்பதைவிடக் குறையாது. விமானம் 26 கிராம் இலேசாகும், எலிவேட்டரும் பெரிதாவதால் இறங்கும்போது மூக்கு எளிதாக நிமிரும்.

கண்மாய்க்கரை:

வாலைச் சிறிதாக்கி மிச்சப்படுத்திய அந்த 4 கிராமுக்காக மூக்கில் 30 கிராம் சுமந்திருக்கிறேன் என்பது இப்போதுதான் புரிகிறது. இன்று மாலையே 400-க்கு 110 அளவில் புதிய வாலை வெட்டிவிட்டேன்; நாளை பொருத்தி, 66-இல் கோடிட்டு, குச்சிகளின் மேல் வைத்துப் பார்த்த பிறகே கண்மாய்க்கு எடுத்துச் செல்வேன்.